மூத்தாள் ஏன் நீதிமன்றம் போகவில்லை?

அன்புள்ள ஐயா,

ஹாங்காங் பற்றிய கட்டுரையில், 1971 வரை சீன ஆண்கள் அங்கே சட்டப்படியே இளையாள் வைத்துக்கொள்ளலாம் என்று போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். நம்ப முடியவில்லை. ஆண்டது பிரிட்டிஷ்காரன், நீதிமன்றமும் அவனுடையது. மூத்தாள் போய் விவாகரத்துக் கேட்டிருக்கலாமே? சீனாவிலேயே அந்த வழக்கம் அதற்குள் போயிருக்காதா?

– ஒரு வாசகி, கோவை

அன்புள்ள வாசகிக்கு,

கேட்டிருக்கலாம். திருப்பி அனுப்பியிருப்பார்கள். 1932இல் அங்கே வந்த விவாகரத்துச் சட்டம் கிறிஸ்தவத் திருமணத்துக்கும் அதற்கு இணையான பதிவுத் திருமணத்துக்கும்தான். பலதார மணத்துக்கு இடம் தரும் கல்யாணத்தில் எங்கள் நீதிமன்றம் தலையிடாது என்று 1866இல் லண்டனில் ஹைட் வழக்கில் சொல்லிவிட்டார்கள். அந்தப் பார்வைதான் ஹாங்காங்குக்கும் வந்தது. ஆக, கணவன் இன்னொருத்தியைக் கொண்டுவரலாம் என்பதே மனைவிக்குக் கதவை அடைக்கும் காரணமும் ஆனது. இப்படி ஒரு வக்கிரத்தை யோசித்துச் செய்திருக்கவே முடியாது, தானாக அமைந்ததுதான்.

அப்புறம் அவளுக்கு எந்தச் சட்டம்? அன்று சீனாவை ஆண்ட சிங் பேரரசின் சட்டமும் வழக்கமும். 1841இல் பிரிட்டனுக்காக ஹாங்காங்கைப் பிடித்த கேப்டன் எலியட், சீனர்களை அவர்கள் வழக்கப்படியே ஆள்வோம் என்று அறிவித்தார். அந்த வழக்கம் அப்படியே உறைந்துபோயிற்று. மனைவியைத் தள்ளிவைக்க அதில் ஏழு காரணங்கள் உண்டு. ஆண் பிள்ளை இல்லாதது, மாமனார் மாமியாருக்கு அடங்காதது, வாயாடுவது எல்லாம் அதில் சேர்த்தி. பொறாமையும் ஒரு காரணம். இளையாள் வந்ததற்கு முகம் சுளித்தால் மூத்தாள் பாடு என்னவென்று யோசித்துப் பாருங்கள். போக்கிடம் இல்லாதவளையும், ஏழ்மையில் கூட இருந்து கணவன் பணக்காரனான பின் தள்ளப்படுபவளையும் விரட்டக் கூடாது என்ற பாதுகாப்பும் இருந்தது. ஆனால் அவளாக விலக நினைத்தால் கணவன் சம்மதிக்க வேண்டும்.

உங்கள் இரண்டாவது கேள்வி சரியான கேள்வி. சீனாவில் நான்ஜிங் அரசு (நான்ஜிங் நகரைத் தலைநகராகக் கொண்ட அன்றைய தேசியவாத அரசு) 1930இலேயே குடிமைச் சட்டத்தில் ஒருதார மணத்தைக் கொண்டுவந்தது. 1950இல் கம்யூனிஸ்டுகள் இளையாள் முறையையே தடை செய்தார்கள். பிறந்த மண்ணில் செத்த சட்டம் பிரிட்டிஷ் கொடியின் கீழ் உயிரோடு இருந்தது. வழக்கத்தை மதிக்கிறோம் என்றார்கள் பிரிட்டிஷார். உள்ளூர்ப் பெரிய மனிதர்களைச் சீண்டத் துணியவில்லை என்பதுதான் என் கணிப்பு. ஹாங்காங்கில் இந்தச் சீன வழக்கச் சட்டத்தை ஆராய 1948இல் போட்ட ஸ்ட்ரிக்லாண்ட் குழு 1953இல் அறிக்கை தந்தது. அது கிடப்பில் கிடந்தது. எல்லன் லீயும் ஹாங்காங் மகளிர் மன்றமும் ஆண்டுக்கணக்கில் விடாமல் நெருக்கினார்கள். 1966இல் ஹாங்காங் சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினரானவர் இந்த எல்லன் லீதான்.

இதற்கிடையில் இன்னொரு சிக்கல். நான்ஜிங் சட்டத்தை நம்பி, ஊரறிய விருந்து வைத்து, இரண்டு சாட்சிகளோடு 'நவீன' கல்யாணம் செய்துகொண்டவர்கள் ஹாங்காங்கில் ஏராளம். அந்தச் சட்டமோ ஹாங்காங்கில் செல்லாது. பத்திரத்தில் கையெழுத்து இருந்தும், மனைவி என்ற உரிமை அவளுக்குக் கேள்விக்குறிதான்.

1970இல் திருமணச் சீர்திருத்தச் சட்டம் நிறைவேறி, 1971 அக்டோபர் 7 முதல் நடைமுறைக்கு வந்தது. அன்றிலிருந்து புதிதாக இளையாள் எடுக்க முடியாது. 'நவீன' கல்யாணங்கள் செல்லுபடியாயின. பழைய கல்யாணங்களையும் இனி நீதிமன்றத்திலோ, இருவரும் சம்மதித்து அதிகாரி முன்னால் கையெழுத்திட்டோதான் முறிக்கலாம்.

அதற்கு முன் வந்த இளையாள்களின் அந்தஸ்தில் சட்டம் கை வைக்கவில்லை. அதனால் கணவன் செத்த பிறகு சொத்து வழக்கு என்று வந்தால், அவள் மூத்தாளுக்கு மண்டியிட்டுத் தேநீர் கொடுத்தாளா, அவளை ஏற்றதற்கு அடையாளமாக மூத்தாள் அதை வாங்கிக் குடித்தாளா என்பதெல்லாம் சாட்சிக் கூண்டில் கேட்கப்படும் கேள்விகளாயின.