தண்ணீர் திடீரென மெலிந்தால்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: குன்னூரில் சரிவான நிலத்தில் எங்கள் வீடு உள்ளது. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மேட்டில், சமையலறைக் குழாயை விட ஏறத்தாழ 12 மீட்டர் உயரத்தில், தொட்டி கட்டியிருக்கிறோம். அங்கிருந்து ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் வழியாக, மோட்டார் ஏதும் இல்லாமல், தண்ணீர் வீட்டுக்கு இறங்கி வருகிறது. இத்தனை ஆண்டுகளாக ஒரு குறையும் இருந்ததில்லை. சென்ற மாதம் ஆள் வைத்துத் தொட்டியைக் கழுவினோம். மறுநாளிலிருந்து எல்லாக் குழாய்களிலும் தண்ணீர் நூல் பிடித்தாற்போல் வருகிறது. தொட்டி நிறைந்துதான் இருக்கிறது. பிரஷர் பம்பு வைத்தால் சரியாகிவிடும் என்று பிளம்பர் சொல்கிறார். வைக்கலாமா?
— வாசகி, குன்னூர்

பதில்: பம்பை இப்போது வாங்காதீர்கள், அம்மா. உங்கள் தொட்டியின் உயரம் குறையவில்லை. ஆகவே அது தரும் அழுத்தமும் குறைந்திருக்க வழியில்லை. பத்து மீட்டர் உயரத்தில் நிற்கும் தண்ணீர், அடியில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ அழுத்தம் தரும்; 12 மீட்டர் என்றால் 1.2 கிலோ. குளிப்பதற்கும் பாத்திரம் கழுவுவதற்கும் அது தாராளம். ரேலியா அணைத் தண்ணீர் உங்கள் தெருவுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை வந்தாலும், தொட்டி நிறைந்துவிட்ட பிறகு அதற்கும் வீட்டுக் குழாயின் வேகத்துக்கும் தொடர்பே இல்லை. எனவே கோளாறு தொட்டிக்கும் சமையலறைக்கும் இடைப்பட்ட குழாயில்தான் இருக்கிறது.

அது எத்தகைய கோளாறு என்பதை அறிய, ஹார்டுவேர் கடையில் அரை அங்குல மரை கொண்ட பிரஷர் கேஜ் (அழுத்தமானி) ஒன்று வாங்கி, சமையலறை மட்டத்தில் உள்ள ஏதாவதொரு குழாயில் பொருத்துங்கள். முதலில் வீட்டின் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுச் சில நிமிடங்கள் கழித்து முள்ளைப் பாருங்கள். பிறகு வேறொரு குழாயை முழுவதும் திறந்துவிட்டு மீண்டும் பாருங்கள். மூடியிருக்கும்போது 1.2 கிலோவுக்கு அருகில் நின்ற முள், திறந்தவுடன் பூஜ்யத்தை நோக்கி விழுந்தால், வழியில் எங்கோ அடைப்பு இருக்கிறது என்று பொருள்: அடைபட்ட குழாயிலும் நிற்கும் தண்ணீர் முழு அழுத்தத்தைக் காட்டும், ஓடும்போதுதான் குட்டு வெளிப்படும். மூடியிருக்கும்போதே முள் மிகவும் தாழ்ந்து நின்றால், ஒன்று மண்ணுக்குள் எங்கோ கசிவு இருக்க வேண்டும், அல்லது குழாயில் காற்று சிக்கியிருக்க வேண்டும்.

தொட்டியைக் கழுவிய மறுநாளே தொல்லை தொடங்கியதால், என் முதல் சந்தேகம் தொட்டியின் வாயிலில் உள்ள கேட் வால்வின் மேல் விழுகிறது. கழுவுவதற்கு வந்தவர் அதை மூடியிருப்பார். பல ஆண்டுகள் தொடாமல் கிடந்த பித்தளை வால்வை மூடித் திறப்பதைப் போன்ற ஆபத்தான காரியம் குழாய் வேலையில் அதிகம் இல்லை. உள்ளே ஆப்பு வடிவில் ஒரு தகடு இருக்கிறது. அது தண்டின் நுனியில் கோத்து நிற்பது. அரித்துப்போன கோப்பு விட்டுவிட்டால், தண்டு மட்டும் மேலே ஏறும். தகடு கீழேயே தங்கி, ஓரத்தில் கசியும் தண்ணீரை மட்டும் விடும். மேட்டுக்கு ஏறிச் சென்று கைப்பிடியைத் திருப்பிப் பாருங்கள்: எந்த இறுக்கமும் இல்லாமல் வழவழவென்று சுற்றினாலோ, முடிவே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தாலோ, தகடு கழன்றுவிட்டது. பழுது பார்க்க முயல வேண்டாம். அந்த இடத்தில் முழுத் துவாரமுள்ள பால் வால்வு (உள்ளே துளையிட்ட உருண்டை சுழலும் வால்வு) ஒன்றைப் போடச் சொல்லுங்கள்.

வால்வு நன்றாக இருந்தால், கழுவும்போது கலங்கிய வண்டல் குழாய்க்குள் இறங்கியிருக்கலாம். நீலகிரியில் ஓடைகளிலும் அணைகளிலும் கிடைப்பது கரைந்த உப்பு குறைந்த மென்னீர். அதனால் சமவெளியில் போல உப்புப் படிந்து குழாய் அடைவது இங்கே அரிது. ஆனால் அதே மென்னீர் ஜி.ஐ. குழாயை உள்ளிருந்து அரிக்கும். பழைய குழாயின் உட்சுவரில் துருக்கட்டிகள் புடைத்து நிற்க, சிறு கலக்கத்திலேயே அவை பெயர்ந்து முழங்கை வளைவுகளில் வந்து உட்கார்ந்துகொள்ளும். கீழே குழாய்களை இணைக்கும் யூனியனைக் கழற்றி, மேலிருந்து தண்ணீரை வேகமாக விட்டால் சிவப்புத் துகள்கள் வருகின்றனவா என்பது தெரிந்துவிடும்.

மூன்றாவது சந்தேகம் காற்று. தொட்டி காலியானபோது குழாயும் காலியாகியிருக்கும். மலைச்சரிவில் போட்ட குழாய் ஒரே சீராக இறங்குவதில்லை. பாறையைத் தாண்டவும் வாய்க்காலைக் கடக்கவும் ஆங்காங்கே மேலேறி இறங்கும். அந்த மேடுகளில் காற்று சிக்கிக்கொண்டால் தண்ணீர் மெலியும், குழாய் இருமுவது போல விட்டுவிட்டுத் துப்பும். வீட்டிலேயே தாழ்வான குழாயை முழுவதும் திறந்து சிறிது நேரம் விட்டுவைத்தால் பெரும்பாலும் காற்று வெளியேறிவிடும். அடிக்கடி நேர்ந்தால், குழாய் மேலேறும் இடத்தில் ஒரு டீ (மூன்று வாய் உள்ள இணைப்பு) போட்டு, தொட்டியின் நீர்மட்டத்துக்கும் மேலே போகும்படி மெல்லிய காற்றுக்குழாய் ஒன்றை நிறுத்திவிடுவது நிரந்தரத் தீர்வு.

அடைபட்ட குழாயின் முனையில் பம்பு வைத்தால், வராத தண்ணீரை அது இழுக்கப் பார்க்கும். இணைப்புகள் வழியே காற்றையும் அழுக்கையும் உள்ளே வாங்கும். மேட்டில் தொட்டி வைத்திருப்பவருக்குப் பம்பு பரிந்துரைக்கும் பிளம்பர் மேட்டுக்கு ஏறிப் பார்க்கவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

கேள்வி: குளியலறையில் குளிர்ந்த நீர் நன்றாக வருகிறது. வெந்நீர் மட்டும் திடீரென மிகவும் மெதுவாகிவிட்டது. கீசரை மாற்ற வேண்டுமா?
— வாசகர், வெலிங்டன்

பதில்: மாற்ற வேண்டியதில்லை. குளிர்ந்த நீர் சரியாக வருவதால் வீட்டின் பொதுக் குழாயில் பழுதில்லை. கீசரின் இரண்டு முனைகளுக்கு இடையில்தான் தேட வேண்டும். மின்சாரத்தை நிறுத்தி, நீரை மூடி, கீசருக்குத் தண்ணீர் போகும் இணைப்புக் குழாயைக் கழற்றிப் பாருங்கள். கம்பி பின்னிய அந்தக் குழாயின் உட்புற ரப்பர் சூட்டில் உப்பி வழியை மூடியிருக்கலாம். கீசரின் வாயில் உள்ள ஜி.ஐ. நிப்பிள் (சிறு குழாய்த் துண்டு) துருவேறிப் பென்சில் நுழையாத அளவுக்குச் சுருங்கியிருக்கலாம். ஒருவழி வால்வு பாதியில் சிக்கியிருக்கலாம். இவை மூன்றும் சிறிய செலவில் மாற்றக்கூடியவை.

கேள்வி: எங்கள் பிரச்சினை நேர்மாறானது. கோத்தகிரியை ஒட்டிய ஒரு பள்ளத்தில் குடியிருக்கிறோம். மேலே உள்ள நீர்த்தேக்கத் தொட்டியிலிருந்து வரும் இணைப்பு நேராக வீட்டுக் குழாய்களுக்குச் செல்கிறது. இரண்டு வாரங்களாகத் தண்ணீர் பீறிட்டு வருகிறது. இரவில் குழாய்கள் சொட்டுகின்றன. வாஷிங் மெஷினின் குழாய் ஒருநாள் வெடித்தேவிட்டது. கீசரின் பாதுகாப்பு வால்விலும் தண்ணீர் சொட்டுவதால் அதை அடைத்துவிடலாமா என்று யோசிக்கிறேன்.
— வாசகர், கோத்தகிரி

பதில்: பாதுகாப்பு வால்வை எக்காரணம் கொண்டும் அடைக்காதீர்கள். அது சொட்டுவது, கீசர் வெடிக்காமல் காப்பதற்காகச் செய்யும் வேலையே தவிரப் பழுது அன்று. அதை அடைத்தால், சூடாகி விரியும் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லாமல் போய்விடும்.

நீர்த்தேக்கத் தொட்டிக்கு 60 மீட்டர் கீழே வீடு இருந்தால், தண்ணீர் நிற்கும்போது 6 கிலோ அழுத்தம் வந்தே தீரும். இத்தனை நாள் அது தெரியாமல் இருந்ததற்கு ஏதோவொன்று நடுவில் தடுத்துக்கொண்டிருந்தது காரணம். அது உங்கள் வீட்டு நுழைவில் உள்ள அழுத்தக் குறைப்பு வால்வாக இருக்கலாம். அதனுள் மணல் துகள் சிக்கி மூடாமல் போயிருக்கலாம். சரிவின் பாதியில் அழுத்தத்தை உடைப்பதற்காக வைக்கும் இடைத்தொட்டியைத் தவிர்த்து யாராவது குழாயை நேராக இணைத்திருக்கலாம். மேலே இருந்த அடைப்பு ஒன்றைச் சரிசெய்திருக்கவும் கூடும். ஒருவருக்குக் கிடைத்த பழுது நீக்கம் பள்ளத்தில் இருப்பவருக்குப் பழுதாக வருவது மலையில் புதிதன்று. சமீபத்தில் வழியில் என்ன வேலை நடந்தது என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள்.

அழுத்தத்தை இரவு பதினொரு மணிக்கு மேல் அளந்து பாருங்கள். பகலில் பலரும் குழாயைத் திறப்பதால் முள் தாழ்ந்து நின்று ஏமாற்றும். எல்லோரும் மூடிய பிறகு காட்டுவதே உங்கள் குழாய்கள் தாங்க வேண்டிய உண்மையான சுமை. முன்னால் சல்லடை வைத்து, அழுத்தக் குறைப்பு வால்வைப் பொருத்தி, 2 முதல் 3 கிலோவுக்குள் நிறுத்திக்கொள்ளலாம். என் விருப்பத்தைக் கேட்டால், அந்த இணைப்பை மிதவை வால்வு வைத்த மொட்டைமாடித் தொட்டியில் விட்டுவிட்டு, வீட்டுக்குத் தொட்டியிலிருந்து தண்ணீர் எடுப்பதையே சொல்வேன்: மேலே என்ன நடந்தாலும் வீட்டுக்குள் அழுத்தம் மாறாது, தண்ணீர் வராத நாளுக்குச் சேமிப்பும் ஆகும்.

கேள்வி: ஊட்டியில் வீட்டுக் கிணற்றின் மேல்மேடையில் அரைக் குதிரைத்திறன் மோனோபிளாக் மோட்டார் வைத்திருக்கிறோம். மார்ச் தொடங்கியதிலிருந்து தண்ணீர் இழுக்கவே மாட்டேன் என்கிறது. நீர்மட்டம் மோட்டாருக்கு 6 மீட்டர் கீழே இருக்கிறது. கோவையில் என் மைத்துனர் வீட்டில் இதே மோட்டார் ஆறரை மீட்டரிலிருந்து இழுக்கிறது. மோட்டார் பழுதா?
— வாசகர், உதகமண்டலம்

பதில்: மோட்டாரைக் குறை சொல்வதற்கு முன் ஊரின் உயரத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். மேலே இருக்கும் மோட்டார் தண்ணீரை இழுப்பதாக நாம் சொல்கிறோமே தவிர, உண்மையில் கிணற்றுநீரை வெளிக்காற்றின் அழுத்தமே குழாய்க்குள் மேலே தள்ளுகிறது. கடல் மட்டத்தில் அக்காற்றால் சுமார் 10.3 மீட்டர் வரை தண்ணீரைத் தள்ள முடியும். கோவையில் அது 9.8 மீட்டராகிறது. 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியிலோ காற்று மெலிந்து 7.9 மீட்டராகச் சுருங்குகிறது. குழாய் உராய்வு, குழாயின் அடிநுனியில் தண்ணீரைத் திரும்பிப் போகவிடாத ஃபுட் வால்வின் தடை, மோட்டாரின் சொந்தத் தேவை ஆகியவற்றைக் கழித்தால் உங்களுக்கு மிஞ்சுவது ஐந்து மீட்டர் அளவே. மழைக்காலத்தில் நீர்மட்டம் அதற்குள் இருந்ததால் ஓடிய மோட்டார், கோடையில் அந்த எல்லையைத் தாண்டியவுடன் ஒரே நாளில் நின்றுபோனதாகத் தெரிகிறது.

எனினும் ஒரு சோதனை செய்துவிடுங்கள். மோட்டாரை ஓட்டாமல் குழாயில் தண்ணீர் நிரப்பி, மூடியைத் திறந்துவைத்துக் கவனியுங்கள். மட்டம் இறங்கிக்கொண்டே போனால் ஃபுட் வால்வு கசிகிறது. இலையோ கல்லோ சிக்கியிருக்கும். மட்டம் இறங்காமல் நின்று, ஓட்டும்போது மட்டும் மோட்டாருக்குள் ஜல்லி அரைபடுவது போன்ற சத்தம் கேட்டால், உயரமே குற்றவாளி. இழுப்புக் குழாயில் உள்ள மெல்லிய வெடிப்பு வெளியே தண்ணீர் கசியாமல் காற்றை மட்டும் உள்ளே இழுக்கும் என்பதால், இணைப்புகளின் மேல் சோப்பு நுரை தடவி, மோட்டார் ஓடும்போது நுரை உள்ளே போகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உயரம்தான் காரணம் என்றால், ஒரு குதிரைத்திறன் மோட்டார் வாங்கியும் பயனில்லை. எவ்வளவு திறன் கூட்டினாலும் ஊட்டியின் காற்று அவ்வளவுதான் தள்ளும். கிணற்றுக்குள் உறுதியான திட்டு அமைத்து மோட்டாரை இரண்டு மீட்டர் இறக்கி வைக்கலாம். ஆனால் ஜூன் மழையில் நீர்மட்டம் ஏறும்போது அதை மேலே எடுக்க மறந்தால் மோட்டார் மூழ்கிவிடும். தண்ணீரைக் கீழிருந்து தள்ளும் நீர்மூழ்கி மோட்டாருக்கு இந்தக் கவலை இல்லை. உங்கள் கிணற்றுக்கு அதையே பரிந்துரைக்கிறேன்.