பழைய அடுப்புகளையும் ஹீட்டர்களையும் தேய்த்துப் பளபளப்பாக்கி வைத்தால் அவற்றின் வரலாறு பாதுகாக்கப்படுமா?

நிச்சயமாகப் போதாது. பல நேரங்களில் அந்தப் பளபளப்புதான் வரலாற்றை முதலில் அழிக்கிறது. பழைய ஸ்டவ்களைப் பழுதுபார்க்கும் வழக்கம் உள்ளவன் என்பதால் இதை அழுத்தியே சொல்கிறேன்.

ப்ரைமஸ் ஸ்டவ்வை எடுத்துக்கொள்ளுங்கள். 1892இல் ஸ்வீடனைச் சேர்ந்த லிண்ட்க்விஸ்ட் உருவாக்கிய இதில் திரி கிடையாது. பர்னருக்குக் கீழுள்ள கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்துவார்கள். பர்னர் நன்றாகச் சூடேறியதும் பம்ப் அடித்தால், மண்ணெண்ணெய் ஆவியாகி நுண்துளை வழியே சீறிக்கொண்டு வந்து, கரி பிடிக்காத நீலச் சுடராக எரியும். 1911 முதல் தயாரானவற்றில் தொட்டியின் அடியில் ஆண்டைக் குறிக்கும் எழுத்து பொறிக்கப்பட்டிருக்கும். பித்தளையை இயந்திரத்தில் கொடுத்து மெருகேற்றும்போது மழுங்கிப்போவது அந்த எழுத்துதான். ஆகவே துடைப்பதற்கு முன் நாலாபுறமும் படம் எடுங்கள். பம்பின் தோல் வாஷர் காய்ந்திருந்தால் புதியது போடலாம், தவறில்லை. கழற்றியதைத் தூக்கியெறியாமல், எந்தப் பாகம், என்றைக்கு மாற்றினோம் என்று சீட்டு எழுதி உறையில் போட்டு வையுங்கள்.

எரிவாயு அடுப்புகளில் விஷயம் இன்னும் நுட்பமானது. பிரிட்டனில் 1967 முதல் 1977 வரை, நிலக்கரியிலிருந்து எடுத்த வாயுவைக் கைவிட்டு இயற்கை எரிவாயுவுக்கு மாறினார்கள். ஒரே அளவு இயற்கை எரிவாயு ஏறக்குறைய இரண்டு மடங்கு வெப்பம் தரும். சுடரின் வேகமோ குறைவு. அதனால் வீடு வீடாகச் சென்று பர்னர்களையும், வாயு வெளிவரும் துளைமுனைகளான ஜெட்களையும் மாற்ற வேண்டியிருந்தது. அந்தக் கால அடுப்பு ஒன்று இன்று கிடைத்தால், உடல் பழையதாகவும் பர்னர் பிற்காலத்ததாகவும் இருக்கக்கூடும். அதைக் குறையென்று எண்ணி 'அசல்' பாகம் தேடிப் பொருத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். ஒரு நாட்டின் எரிபொருளே மாறியதற்கான சாட்சியை அல்லவா அவர்கள் கழற்றிப் போடுகிறார்கள்!

காகிதங்களையும் விடாதீர்கள். உபயோகக் குறிப்பேடு, உதிரிபாகப் பட்டியல், ரசீது, உத்தரவாத அட்டை எல்லாம் பொருளுக்குச் சமமானவை. மின்னழுத்தமோ வாயு வகையோ பொறித்த தகட்டின் மேல் பெயின்ட் அடிக்கவே கூடாது.

ஓர் எச்சரிக்கை: பழைய ஹீட்டர்களிலும் ஓவன் கதவு விளிம்புகளிலும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். சுரண்டாதீர்கள், ஊதாதீர்கள், அதற்கென்று பயிற்சி பெற்றவர்களிடம் காட்டுங்கள். பழைய மின் ஹீட்டரை எரிகிறதா என்று பார்ப்பதற்காக நேராக பிளக்கில் சொருகவும் வேண்டாம்.

எல்லாவற்றையும்விட அவசரமான வேலை, அவற்றைப் பயன்படுத்தியவர்களின் பேச்சைப் பதிவு செய்வது. "அந்தக் காலத்தில் எப்படி இருந்தது?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். அடுப்பை எதிரில் வைத்து, எத்தனை பம்ப் அடிப்பீர்கள், சுடர் மஞ்சளானால் என்ன செய்வீர்கள், துளை அடைத்துக்கொண்டால் பின்னை எப்படிப் பிடிப்பீர்கள் என்று கேளுங்கள். வாய் சொல்வதற்கு முன்பே கை செய்து காட்டிவிடும். அதனால் குரலோடு நிறுத்தாமல், கைகளும் தெரியும்படி வீடியோவாக எடுங்கள்.