க்யூ7 பின் பிரேக் பிஸ்டன் உள்ளே போகவில்லையா?

நண்பரே, பின் பிரேக் டிஸ்க் மாற்றும்போது பிஸ்டனை உள்ளே தள்ள முடியவில்லை, டிஸ்க் ஸ்க்ரூவும் தேய்ந்துவிட்டது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் பிஸ்டனை அழுத்தும் அந்த சி கிளாம்பைக் (திருகி இறுக்கும் பிடிப்பான்) கீழே வையுங்கள். 2017 ஆடி க்யூ7-இல் பின் பிஸ்டன் நகரவே மாட்டேன் என்கிறது என்றால் பெரும்பாலும் காரணம் துரு இல்லை, காலிபரின் (பிஸ்டனைத் தாங்கி, பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) முதுகில் இருக்கும் ஹேண்ட் பிரேக் மோட்டார்தான். அதன் திருகு பிஸ்டனை உள்ளிருந்து முட்டுக்கொடுத்து நிற்கும்போது நீங்கள் எவ்வளவு இறுக்கினாலும் போகாது, உடைந்தால் உடையும். ஓபிடி ஸ்கேனரை (வண்டியின் கம்ப்யூட்டரோடு பேசும் கருவி) மாட்டி ஹேண்ட் பிரேக்கை சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோங்கள், "உய்ங்" என்று மோட்டார் பின்வாங்கும் சத்தம் கேட்கும், அப்புறம் கிளாம்பை மெதுவாகத் திருகினாலே போதும். பிரேக் ஆயில் டப்பா நிரம்பி வழிகிறதா என்று ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள், அந்த ஆயில் பெயின்ட்டை அரித்துவிடும்.

டிஸ்க்கைப் பிடித்திருக்கும் சின்ன ஸ்க்ரூ தலை தேய்ந்துவிட்டது என்கிறீர்கள். டிரில் போட்டு எடுத்துவிடுங்கள், கவலை வேண்டாம், டிஸ்க்கை உண்மையில் இறுக்கிப் பிடிப்பது வீல் போல்ட்டுகள்தான். ஆனால் புது டிஸ்க்கை மாட்டும் முன் அது உட்காரும் ஹப்பின் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் பளபளவென்று தேய்த்தே ஆகவேண்டும். அங்கே ஒட்டியிருக்கும் துருச்செதில் ஒன்று போதும், சில ஆயிரம் கிலோமீட்டரில் பெடல் உதற ஆரம்பிக்கும், எல்லாரும் டிஸ்க்கைத்தான் திட்டுவார்கள்.

கழற்றிய காலிபரை பிரேக் ஹோஸில் (ஆயில் போகும் ரப்பர் குழாய்) தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வையுங்கள். சர்வீஸ் நிலையிலிருந்து வெளியே வந்ததும், வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும் வரை மிதியுங்கள்.