எவ்வளவுக்கு விலைபோனீர்கள் என்று கேட்டவருக்கு

கேள்வி: 2023 சென்னை வெள்ளம் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை முழுக்க தி.மு.க. அரசைத்தான் குறை சொல்கிறது. அதற்கு முன்னால் பத்து வருடம் ஆண்ட அ.தி.மு.க.வுக்கு ஒரே ஒரு பத்தி. நடுநிலை என்றால் இரண்டு கட்சியையும் சமமாக விமர்சிக்க வேண்டாமா? எவ்வளவுக்கு விலைபோனீர்கள்?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: பணம் எதுவும் கைமாறவில்லை. நான் சொல்லி நீங்கள் நம்பப்போவதில்லை, அதனால் அதை விட்டுவிடுவோம்.

சமமாக என்கிறீர்களே, அதைத்தான் பேச வேண்டும். ஆளுக்கு நான்கு பத்தி என்று பங்கு பிரித்துக் கொடுப்பது நடுநிலை ஆகாது. மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் ஜனங்கள் கரண்டும் குடிதண்ணீரும் இல்லாமல் மாட்டிக்கொண்டிருந்தபோது ஆட்சியில் இருந்தது தி.மு.க.; 4,000 கோடி ரூபாய் வடிகால் பணி பற்றிப் பேசியதும் அவர்கள்தான். கேள்வி அவர்களிடம்தான் போகும். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீரை அடையாற்றில் திறந்துவிட்டபோது ஆட்சியில் இருந்தது அ.தி.மு.க., அப்போது அவர்களைக் கேட்டோம். அன்றைக்கு நீங்கள் சமமாக எழுதச் சொல்லிக் கடிதம் போட்டீர்களா என்று தெரியவில்லை.

இந்த இரண்டு வெள்ளத்தையும் பற்றி ஒரே ஆள் எழுதியதை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். இது செயற்கை வெள்ளம், அரசின் கையாலாகாத்தனம் என்று 2015-ல் கொதித்தவர், 47 வருடத்தில் இல்லாத மழை, எந்த அரசாக இருந்தாலும் என்ன செய்ய முடியும் என்று 2023-ல் ஆறுதல் சொல்கிறார். அன்றைக்கு இயற்கையின் சீற்றத்துக்கு முதல்வர் என்ன செய்வார் என்ற இன்னொருவர், 2023-ல் 4,000 கோடி எங்கே என்கிறார். வாதம் ஒன்று கூடப் புதிது இல்லை, எடுத்துப் பேசுகிற ஆட்கள்தான் மாறிக்கொண்டார்கள். இத்தனைக்கும் இரண்டு தடவையும் இரண்டு பேர் சொன்னதிலும் உண்மை இருந்தது. 2015 டிசம்பர் 1-ம் தேதி தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை, அதைச் சாதாரண மழை என்று யாரும் சொல்ல முடியாது; அதே சமயம் அதை மனிதர்கள் உண்டாக்கிய பேரிடர் என்று மத்திய தணிக்கைத் துறை 2018-ல் அறிக்கையிலேயே எழுதியது. 2023-லும் மழை பெரிதுதான், வடிகால் போதவில்லை என்பதும் நிஜம்தான். பாதி உண்மையை எடுத்துக்கொண்டு மீதியை எதிராளியிடம் விட்டுவிட்டு எழுதுகிறார்கள், நாமும் நம் கட்சிக்கு வேண்டிய பாதியைப் படித்துவிட்டுத் திருப்தியாகிவிடுகிறோம்.

என்னை உண்மையில் கோபப்படுத்துவது இதற்கு அடுத்தது. இரண்டு கட்சியும் சேர்ந்து செய்த தவறு இந்தச் சண்டையில் யார் எழுத்திலும் வருவதே இல்லை. வேளச்சேரித் தண்ணீர் வடிய வேண்டிய இடம் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். அதில் பெருங்குடி குப்பைக் கிடங்கு வளர்ந்தது, சுற்றிலும் சாலை வந்தது, பழைய மாமல்லபுரம் சாலை ஓரமாக ஐ.டி. கட்டடங்களும் அடுக்குமாடிகளும் வந்தன. இதெல்லாம் ஒரே ஆட்சியில் நடந்ததா? இல்லை. எந்தக் கோப்பு எந்த வருடம் நகர்ந்தது என்று தோண்டினால் இரண்டு பக்கத்து மந்திரிகளும் வருவார்கள், அதனால் இரண்டு பக்கத்து எழுத்தாளர்களும் தோண்டுவதில்லை. நீங்கள் குறைப்பட்டுக்கொண்ட அந்த ஒரு பத்தி இதைப் பற்றித்தான். அதில் அ.தி.மு.க. மட்டும் இல்லை, தி.மு.க.வும் இருக்கிறது. இன்னும் நீளமாக எழுதியிருக்க வேண்டும் என்று கேட்டிருந்தால் உடனே ஒப்புக்கொண்டிருப்பேன்.

நல்லதற்கும் இதே கதிதான். பள்ளியில் பிள்ளைக்குச் சோறு போடும் திட்டம் காமராஜர் காலத்தது, அதை 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார், கருணாநிதி முட்டை வைத்தார், ஜெயலலிதா கலவை சாதம் சேர்த்தார், ஸ்டாலின் 2022-ல் காலை உணவைத் தொடங்கினார். இப்படி வரிசையாக, ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் எடுத்துச் செய்தார் என்று எழுதினால் எந்தக் கட்சிக்காரரும் அதைப் பகிர மாட்டார். ஆளுக்கொரு முதல்வரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை அழித்துவிடுகிறார்கள்.

பகை எங்கே போய் முடிகிறது என்பதற்கு 2011 ஒன்று போதும். ஆட்சி மாறியதும் முந்தைய அரசு கொண்டுவந்த சமச்சீர் கல்வியை நிறுத்திவைத்தார்கள். புத்தகங்கள் அச்சடித்துத் தயாராக இருந்தன, பள்ளி திறந்தும் பிள்ளைகள் கையில் கொடுக்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், ஆகஸ்ட் 9-ம் தேதி தீர்ப்பு வந்த பிறகுதான் கொடுத்தார்கள், அதுவும் கருணாநிதி சம்பந்தப்பட்ட பக்கங்களில் ஸ்டிக்கர் ஒட்டி. வகுப்பில் உட்கார்ந்து ஸ்டிக்கர் ஒட்டிய ஆசிரியருக்கும் புத்தகம் இல்லாமல் வந்துபோன பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் என்ன கட்சி? அந்த இரண்டு மாதமும் பெரும்பாலான விவாதம் பாடத்தின் தரத்தைப் பற்றியா நடந்தது? யார் கொண்டுவந்த திட்டம் என்பதைப் பற்றித்தான் நடந்தது.

சார்பே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. முரசொலியைப் படிப்பவருக்கு அது தி.மு.க. ஏடு என்று தெரியும். 2001 ஜூனில் கருணாநிதியை நள்ளிரவில் கைது செய்தபோது சன் டிவியில் ஒரு கைதும் ஜெயா டிவியில் வேறொரு கைதும் ஓடியது, ஆனால் எது யாருடைய டிவி என்று ஊருக்கே தெரிந்திருந்தது. அதில் ஏமாற்று குறைவு. எனக்கும் கருத்து உண்டு, இட ஒதுக்கீட்டிலும் மொழிக் கொள்கையிலும் நான் எந்தப் பக்கம் என்று இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். அரசியல் விமர்சகர் என்ற பெயரில் வந்து உட்கார்ந்துகொண்டு, ஒரே செயலுக்குக் கட்சியைப் பார்த்துத் தீர்ப்பு மாற்றிச் சொல்கிறவர்களோடுதான் என் சண்டை. அதே போல, உடன்பிறப்பும் திட்டுகிறார், ரத்தத்தின் ரத்தமும் திட்டுகிறார், ஆகவே நான் நடுநிலை என்று சிலர் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். தப்பாக எழுதினாலும் இரண்டு பேரும் திட்டுவார்கள்.

சரி, உங்கள் கடிதத்துக்கு வருவோம். மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள், மேலே சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். அந்த மூன்று பக்கத்தில் கட்டுரையில் சொன்ன இன்ன தகவல் பொய் என்று ஓர் இடத்திலும் இல்லை. சென்னை வெள்ளத்தைத் தடுக்க யோசனை சொல்ல 2021-ல் அரசு அமைத்த திருப்புகழ் குழுவின் பரிந்துரைகளில் எவ்வளவு நடந்தது என்று கேட்டிருந்தோம், அதற்கும் உங்களிடம் பதில் இல்லை. யாருக்குச் சாதகம் என்பது ஒன்றுதான் உங்களுக்குக் கணக்கு. கட்டுரையை இன்னொரு தடவை எடுத்துப் படியுங்கள், தவறான வரி எது, சரியான தகவல் எது என்று எழுதி அனுப்புங்கள். ஒரு எழுத்துக்கூட வெட்டாமல் அடுத்த இதழில் போடுகிறேன்.