பக்கவாத நோயாளிக்குச் சத்துக் குறைவு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி: பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் இருக்கும் அப்பாவுக்கு ஆல்புமின் (ரத்தத்தில் இருக்கும் ஒரு புரதம்) குறைவாம். அப்படியென்றால் சத்துக் குறைவுதானே? எடை பார்க்கவும் முடியவில்லையே?

ஆல்புமினை மட்டும் வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது. தொற்றோ அழற்சியோ இருந்தால், நன்றாகச் சாப்பிட்டவருக்கும் அது இறங்கும்.

முதலில் பார்க்க வேண்டியது தொண்டை. வாய்வழி எதையும் கொடுக்கும் முன் விழுங்கும் சோதனை அவசியம். கொஞ்சம் தண்ணீர் கொடுத்து, இருமுகிறாரா, குரல் மாறுகிறதா என்று பார்ப்பார்கள். சிலருக்கு இருமலே வராமல் நுரையீரலுக்குள் போய்விடும். அதனால் "இருமவில்லையே" என்று நீங்களாகக் காபி ஊற்றிவிடாதீர்கள்.

அப்புறம்தான் சத்துக் கணக்கு. பிரிட்டனில் உருவான 'மஸ்ட்' முறை மூன்று விஷயம் கேட்கிறது: பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) எவ்வளவு, கடந்த 3 முதல் 6 மாதத்தில் தானாக எடை குறைந்ததா, நோயால் 5 நாளுக்கு மேல் சாப்பாடு இல்லையா (அல்லது இல்லாமல் போகுமா). பி.எம்.ஐ. 18.5க்குக் கீழ் என்றாலோ, எடை 10 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தாலோ, அதற்கே 2 மதிப்பெண். மொத்தம் 2 மதிப்பெண் வந்தாலே சத்துக் குறைவு அபாயம் அதிகம் என்று கணக்கு.

எழுந்து நிற்க முடியாதவருக்கு? முழங்கை முதல் மணிக்கட்டு வரை அளந்து உயரத்தைக் கணிக்கலாம். மேற்கையின் நடுச் சுற்றளவு 23.5 செ.மீ.க்குக் கீழ் என்றால் பி.எம்.ஐ. 20க்குக் கீழ் இருக்க வாய்ப்பு அதிகம். சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டதா என்ற கேள்விக்கு உங்கள் பதிலும் இங்கே பயன்படும்.

வாரம் ஒருமுறையாவது மறுபடி பார்க்க வேண்டும். தட்டில் மிஞ்சுவதையும் குறித்து வையுங்கள். "சாப்பிட்டார்" என்பதைவிட "இரண்டு இட்லியில் ஒன்றரை மிஞ்சியது" என்பது டயட்டீஷியனுக்கு நிறையச் சொல்லும்.