உயிர்கள் மாறிக்கொள்ளாதா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வெப்பம் கூடுவதால் அழியும் உயிரினங்கள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எனக்கு இரண்டு சந்தேகங்கள். பரிணாமம் லட்சக்கணக்கான ஆண்டுகளில் நடப்பது என்கிறார்கள். அப்படியானால் அதை யாரும் கண்ணால் பார்த்திருக்க முடியாது. எலும்புகளை வரிசையாக அடுக்கிவைத்துக் கதை சொல்கிறார்கள் என்றே எனக்குப் படுகிறது. இரண்டாவது, பரிணாமம் உண்மை என்றே வைத்துக்கொள்வோம். பூமியின் வெப்பம் எப்போதும் ஏறி இறங்கித்தான் வந்திருக்கிறது, உயிர்களும் அதற்கேற்ப மாறி வந்திருக்கின்றன. இனியும் மாறிக்கொள்ளும் அல்லவா? பரிணாமத்தை ஏற்கிற நீங்கள் பருவநிலையைக் கண்டு பதறுவது முரண்பாடாகத் தெரிகிறது. மனிதன் மட்டும் மாறிக்கொள்ள மாட்டானா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் முதல் கேள்விக்கான பதிலுக்குள்ளேயே இரண்டாவதற்கான பதிலும் இருக்கிறது. அதனால் கண்ணால் பார்த்ததிலிருந்தே தொடங்குகிறேன்.

பசிபிக் கடலில் உள்ள காலபகோஸ் தீவுக்கூட்டத்தில் டாஃப்னி மேஜர் என்று ஒரு சின்ன எரிமலைத் தீவு. மனிதர்கள் வசிக்காத இடம். பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் என்ற உயிரியலாளர் தம்பதி 1973 முதல் ஆண்டுதோறும் அங்கே போய்த் தங்கினார்கள். தீவின் ஃபிஞ்ச் குருவிகளைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி, அலகின் நீள அகல உயரங்களை அளந்து குறித்தார்கள். எந்தக் குஞ்சு எந்தக் குருவிக்குப் பிறந்தது என்பது வரை அவர்களிடம் கணக்கு இருந்தது. 1977-இல் அங்கே மழை பொய்த்தது. மென்மையான சிறு விதைகளைக் குருவிகள் தின்று தீர்த்துவிட்டன. மிஞ்சியவற்றில் பெரும்பாலானவை நெருஞ்சி இனத்துச் செடி ஒன்றின் முள்காய் போன்ற கடினமானவை. அவற்றை உடைக்கத் தடித்த அலகு வேண்டும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான வித்தியாசம்தான் பிழைப்பதா சாவதா என்பதை முடிவு செய்தது. நடுத்தர அளவுள்ள தரை ஃபிஞ்சுகளில் ஏறத்தாழ 85 சதவீதம் அழிந்தன. அடுத்த ஆண்டு மழை பெய்து, பிழைத்தவை குஞ்சு பொரித்தன. அந்தக் குஞ்சுகளின் அலகு, வறட்சிக்கு முந்தைய தலைமுறையின் அலகைவிடச் சராசரியாக 4 சதவீதம் பெரிதாக இருந்தது.

இதில் எந்தக் குருவியின் அலகும் வளரவில்லை என்பதைக் கவனியுங்கள். வறட்சி வந்ததும் குருவிகள் தங்களை மாற்றிக்கொள்ளவில்லை. ஏற்கெனவே சிலவற்றுக்குத் தடித்த அலகு இருந்தது. அவை தப்பின, தம் குஞ்சுகளுக்கும் அதைக் கொடுத்தன. மற்றவை பட்டினியால் செத்தன. பெண் குருவிகள் ஆண்களைவிடச் சிறியவை என்பதால் அவற்றில் சாவு இன்னும் அதிகம். நாம் வசதியாக ‘மாறிக்கொண்டது’ என்று சொல்லும் நிகழ்ச்சி அந்தத் தீவில் நடந்த விதம் இதுதான். அப்புறம் 1982-83-இல், பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ பெருமழையைக் கொண்டுவந்தது. சிறு விதைச் செடிகள் தீவை மூடின. அடுத்து வந்த வறட்சியில் சிறிய அலகுகள் பிழைத்தன, பெரியவை தோற்றன. இயற்கையின் தேர்வு அப்படியே எதிர்த்திசையில் திரும்பிவிட்டது.

சரி, அலகு பெருத்தது, சிறுத்தது, குருவி குருவியாகத்தானே இருந்தது என்று கேட்பீர்கள். அதற்கும் அதே தீவில் ஒரு பதில் உண்டு. 1981-இல் நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள எஸ்பன்யோலா தீவிலிருந்து ஓர் ஆண் ஃபிஞ்ச் வழி தவறி வந்து சேர்ந்தது. பெரிய உடல், வேறு பாட்டு. அது உள்ளூர்ப் பெண் குருவியோடு சேர்ந்தது. அதன் வாரிசுகள் சில தலைமுறைகளுக்குள் தங்களுக்குள் மட்டுமே இணைசேரும் தனி வம்சமாக ஆகிவிட்டன. கிராண்ட் தம்பதி அதை அருகிலிருந்து பார்த்தார்கள்.

எலும்புகளுக்கு வருகிறேன். கிடைத்ததை அடுக்கிவைத்துக் கதை சொல்வதுதான் தொல்லுயிரியல் என்றால் உங்கள் சந்தேகம் நியாயம். ஆனால் நீல் ஷூபின், டெட் டேஷ்லர் என்ற தொல்லுயிரியலாளர்கள் செய்தது அதற்கு நேர்மாறானது. சுமார் 38 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பாறைகளில் மீன்கள் கிடைக்கின்றன. சுமார் 36 கோடி ஆண்டுப் பாறைகளில் நான்கு கால் பிராணிகளின் எலும்புகள் கிடைக்கின்றன. இடைப்பட்ட காலத்தில், ஆழமில்லாத ஆற்றுப் படுகைகளில் படிந்த பாறையில் தேடினால் இரண்டுக்கும் நடுவிலான உயிர் கிடைக்க வேண்டும் என்று கணித்தார்கள். கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் தீவில் அப்படிப்பட்ட பாறை இருப்பதை நிலவியல் வரைபடம் காட்டியது. பல கோடைகள் தேடி, 2004-இல் டிக்டாலிக் என்று பெயரிடப்பட்ட உயிரின் புதைபடிவத்தைக் கண்டுபிடித்தார்கள். செதிலும் துடுப்பும் மீனுக்குரியவை. தட்டையான தலையும், அதைத் தனியாகத் திருப்ப உதவும் கழுத்தும், துடுப்புக்குள் மணிக்கட்டு போன்ற எலும்புகளும் மீனுக்குரியவை அல்ல. பின்னர் போலந்தில் இதைவிடப் பழைய பாறையில் நான்கு கால் பிராணியின் தடங்கள் என்று கருதப்படும் சுவடுகள் கிடைத்தன. அதனால் டிக்டாலிக்கை நம் நேரடி மூதாதை என்று சொல்லிவிட முடியாது, அந்த வம்சத்துக்கு நெருங்கிய உறவு என்று வைத்துக்கொள்ளலாம். நீரிலிருந்து நிலத்துக்கு வந்த பாதையில் இப்படி ஓர் உடல் இருந்திருக்கும் என்ற கணிப்பு பலித்தது என்பதே எனக்கு முக்கியம்.

பூமியில் ஒரு புதைபடிவம்கூடக் கிடைக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் நம் உயிரணுக்கள் போதும். சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான் மூன்றுக்கும் 48 குரோமோசோம்கள். நமக்கு 46. எல்லோருக்கும் பொதுவான மூதாதை ஒன்று இருந்தது என்றால், நம் கிளையில் எங்கோ இரண்டு ஜோடிகள் ஒட்டிக்கொண்டு ஒரு ஜோடியாக ஆகியிருக்க வேண்டும். ஒட்டிய தடம் எங்கே? குரோமோசோமின் முனைகளில் மட்டும் இருக்க வேண்டிய, திரும்பத் திரும்ப வரும் ஒரு வரிசை, மனிதனின் இரண்டாம் குரோமோசோமின் உள்ளே எதிரெதிராக முட்டிக்கொண்டு நிற்கிறது. குரோமோசோமுக்கு ஒரு மையப்பகுதிதான் இருக்கும். இதில் செயலிழந்த இரண்டாவது மையப்பகுதியின் மிச்சமும் இருக்கிறது. பொதுவான மூதாதை இல்லை என்பவர்களால் இந்த வடுவுக்கு ஏற்கத்தக்க காரணம் சொல்ல முடிவதில்லை.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. பூமியின் வெப்பம் முன்பும் மாறியிருக்கிறது, உயிர்களும் கூடவே மாறியிருக்கின்றன. நீங்கள் சொல்வது உண்மை, அதற்கு அழகான சாட்சியமும் உண்டு. 5 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பூமியின் சராசரி வெப்பம் 5 டிகிரி செல்சியஸுக்கும் மேல் உயர்ந்தது. அமெரிக்காவின் வயோமிங்கில் அந்தக் காலத்துப் படிவுகளில் ஆரம்பகாலக் குதிரைகளின் பற்கள் கிடைக்கின்றன. பூனை அளவே இருந்த அந்தக் குதிரை, வெப்பம் ஏற ஏற இன்னும் சிறுத்துக்கொண்டே போய், எடையில் ஏறத்தாழ 30 சதவீதத்தை இழந்தது. வெப்பம் தணிந்தபோது மறுபடி பெருத்தது. சிறிய உடல் சூட்டை எளிதில் வெளியேற்றும் என்பது இதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. ஆனால் அது சிறுத்தது ஒரு லட்சம் ஆண்டுகளுக்கும் மேலாக. அப்போது காற்றில் கரிவளி (கார்பன் டை ஆக்சைடு) சேர்ந்ததே சில ஆயிரம் ஆண்டுகள் பிடித்தது. நாம் அதைப்போலப் பத்து மடங்கு வேகத்தில் சேர்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. அந்த மெதுவான வேகத்திலும் ஆழ்கடலின் தரையில் வாழ்ந்த ஃபோராமினிஃபெரா என்ற நுண்ணுயிர் இனங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அழிந்தன.

நம் காலத்து எண்களையும் சொல்கிறேன். அண்டார்டிகாவின் பனியைத் துளைத்தெடுத்த உருளைகளில் 8 லட்சம் ஆண்டுக் காற்று குமிழ்களாகச் சிக்கியிருக்கிறது. அந்தக் காலம் முழுவதும் பத்து லட்சத்தில் 300 பங்கு என்ற அளவைக் கரிவளி தாண்டவில்லை. தொழிற்புரட்சிக்கு முன் 280 ஆக இருந்தது, இன்று 420-க்கும் மேல். கடைசிப் பனியுகத்திலிருந்து வெளியே வர, ஐந்தாறு டிகிரி ஏறுவதற்குச் சுமார் பத்தாயிரம் ஆண்டுகள் ஆயின. நாம் ஒன்றரை நூற்றாண்டுக்குள் ஒரு டிகிரியைத் தாண்டிவிட்டோம், அதில் பெரும்பகுதி கடந்த 50 ஆண்டுகளில் ஏறியது.

இந்த வேகத்துக்கும் ஈடுகொடுக்கும் உயிர்கள் இருக்கின்றன. அவற்றை மறைத்துவிட்டு வாதாட எனக்கு விருப்பமில்லை. வட அமெரிக்காவில் பூச்சியுண்ணும் குடுவைத் தாவரத்தின் நீரில் வளரும் ஒரு கொசு உண்டு. பகல் பொழுது குறைவதைக் கொண்டு அதன் புழு குளிர்கால உறக்கத்துக்குப் போகும். வில்லியம் பிராட்ஷா, கிறிஸ்டினா ஹோல்சாப்ஃபெல் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1972-லும் 1996-லும் செய்த அளவீடுகளை ஒப்பிட்டார்கள். இலையுதிர்காலம் நீண்டுவிட்டதால், வடபகுதிக் கொசுக்கள் ஒன்பது நாள் தாமதமாக உறங்கப் போகின்றன. மரபணுவிலேயே ஏற்பட்ட மாற்றம் இது. கலிஃபோர்னியாவில் காட்டுக் கடுகு ஒன்றின் 1997-ஆம் ஆண்டு விதைகளையும், வறட்சிக்குப் பிந்தைய 2004-ஆம் ஆண்டு விதைகளையும் ஒரே இடத்தில் வளர்த்துப் பார்த்தார்கள். பிந்தையவை சில நாட்கள் முன்னதாகவே பூத்தன. பின்லாந்தில் குளிர் குறைந்து பனி அருகியபோது, பழுப்பு நிற ஆந்தைகளின் பங்கு சாம்பல் நிறத்தவற்றுக்கு எதிராகக் கூடியது.

கொசுவும் கடுகும் ஆண்டுக்கு ஒரு தலைமுறையாவது காண்பவை, எண்ணிக்கையில் ஏராளமானவை. பனிமுயலைப் பாருங்கள். அதுவும் பகலின் நீளத்தைக் கொண்டுதான் ரோமத்தை மாற்றுகிறது, குளிர்காலத்தில் வெள்ளை, மற்ற காலத்தில் பழுப்பு. வெயிலின் கணக்கு மாறவில்லை, பனியின் கணக்கு மாறிவிட்டது. பனி சீக்கிரமே உருகிய பழுப்புத் தரையில் அந்த முயல் பளிச்சென்று வெள்ளையாக உட்கார்ந்திருக்கிறது. தன் நிறம் தரையோடு சேரவில்லை என்று அதற்குத் தெரிவதாகவும் தெரியவில்லை. இப்படி நிறம் பொருந்தாத முயல்கள் வேட்டை விலங்குகளிடம் அதிகம் சிக்குவதை மொன்டானாவில் அளந்திருக்கிறார்கள். அதே இனத்தில், பசிபிக் கடற்கரையை ஒட்டி வாழும் சில முயல்கள் குளிர்காலத்திலும் பழுப்பாகவே இருக்கின்றன. அந்த மரபணு எப்போதோ வேறொரு முயலினத்தோடு நடந்த கலப்பில் வந்தது. அது இருக்கும் இடத்தில் இயற்கைத் தேர்வுக்குப் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று இருக்கிறது. இல்லாத இடத்தில் எதைத் தேர்ந்தெடுக்கும்?

பசுங்கடலாமையின் நிலை இன்னும் கடினம். மணலின் சூடுதான் முட்டைக்குள் இருப்பது ஆணா பெண்ணா என்று முடிவு செய்கிறது. சூடு கூடினால் பெண். ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில், வடபகுதிக் கடற்கரைகளில் பிறந்த இளம் ஆமைகளைச் சோதித்தபோது 99 சதவீதம் பெண் என்று 2018-இல் தெரியவந்தது. ஆமைகள் இதைவிடப் பெரிய வெப்ப மாற்றங்களைத் தாண்டி வந்தவைதான். ஆனால் ஒரு பசுங்கடலாமை முட்டையிடும் வயதை எட்டவே இருபது, முப்பது ஆண்டுகள் ஆகும். குருவிகளுக்கு ஓர் ஆண்டில் நடந்தது அவற்றுக்கு நடக்க எத்தனை காலம் வேண்டும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

ஆஸ்திரேலியாவுக்கும் பாப்புவா நியூகினிக்கும் நடுவே பிராம்பிள் கே என்ற குட்டித் தீவில் மட்டும் வாழ்ந்த மெலோமிஸ் எலிக்கு அந்த வாய்ப்பும் இருக்கவில்லை. கடல் மட்டத்திலிருந்து மூன்று மீட்டர் உயரம்கூடச் சரியாக இல்லாத தீவு. மீண்டும் மீண்டும் ஏறிவந்த உப்புநீர் செடிகளைக் கொன்றது. எலி கடைசியாகக் காணப்பட்டது 2009-இல். 2019-இல் ஆஸ்திரேலிய அரசு அது அழிந்துவிட்டதாக அறிவித்தது. மனிதர்கள் உண்டாக்கிய பருவநிலை மாற்றத்தால் அழிந்த முதல் பாலூட்டி என்று அதைக் குறிப்பிடுகிறார்கள். எந்தச் செய்தியை மறந்தாலும் இந்த எலியை என்னால் மறக்க முடிவதில்லை.

ஆகவே முரண்பாடு ஒன்றும் இல்லை, எஸ். பரிணாமம் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்ததால்தான் எனக்குப் பதற்றம். அதற்கு நிறைய உயிர்கள் வேண்டும், அவற்றுக்குள் வேறுபாடு வேண்டும், தலைமுறைகள் வேண்டும், இடம்பெயர வழி வேண்டும். காட்டைத் துண்டு துண்டாக வெட்டி, எண்ணிக்கையைக் குறைத்துவிட்டு, வெப்பத்தையும் ஏற்றினால் இந்த நான்கையும் நாமே பறித்தவர்களாகிறோம். காட்டுத் துண்டுகளை இணைக்கும் வழித்தடங்களுக்காகச் சூழலியலாளர்கள் போராடுவதை நான் இவ்வளவு அழுத்தமாக ஆதரிப்பதற்கும் இதுதான் காரணம்.

மனிதன் மாறிக்கொள்ள மாட்டானா என்று கேட்டிருந்தீர்கள். மாறியிருக்கிறான். ஆக்சிஜன் குறைந்த உயரத்தில் வாழ திபெத்தியர்களுக்கு உதவும் மரபணு வடிவம் இருக்கிறது, அது பரவ ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆயின. ரத்தத்தில் ஆக்சிஜனைக் குறைவாக வைத்திருந்த தாய்மார்களின் குழந்தைகள் அதிகம் இறந்தன என்பதையும் அங்கே ஆய்வு செய்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். வெப்பத்தைப் பொறுத்தவரை நம் உடல் ஏற்கெனவே பரிணாமம் கொடுத்த ஒரு பெரிய ஏற்பாட்டோடுதான் இருக்கிறது. ரோமம் குறைந்த தோலும் லட்சக்கணக்கான வியர்வைச் சுரப்பிகளும் நமக்கு உண்டு. ஆனால் வியர்வை காய்ந்தால்தான் உடல் குளிரும். ஈரத்துணி சுற்றிய வெப்பமானி 35 டிகிரி காட்டும் காற்றில் அது காய்ந்து பயனில்லை. நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆரோக்கியமான ஆள்கூடச் சில மணி நேரத்துக்கு மேல் தாங்க மாட்டார். இளம் வயதினரை வைத்துச் செய்த சோதனைகளில் ஈரப்பதம் மிகுந்த காற்றில் அந்த ஈரத்துணி வெப்பமானி 31 டிகிரி காட்டும் அளவிலேயே உடல் தடுமாறத் தொடங்கியது. மனிதத் தலைமுறை என்பது இருபத்தைந்து முப்பது ஆண்டு. இந்த நூற்றாண்டு முடிவதற்குள் இன்னும் மூன்று தலைமுறைகள்தான் பிறக்கும். அதற்குள் இந்த வரம்பு நமக்காக உயர்ந்துவிடாது.