பயிர் செய்யாமல் நிலத்தைச் சும்மா போட்டு வைக்க அமெரிக்க அரசு விவசாயிக்குப் பணம் தருகிறதாமே, வீண் செலவு இல்லையா?

வீண் இல்லை என்பேன். முதலில், யாரும் நிலத்தைச் சும்மா போட்டு வைப்பதில்லை.

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்து ஸ்டில்வாட்டரில் மண்ணியல் படித்தபோது, மண் மாதிரி எடுக்க அதே மாநிலத்தின் மேற்குக் கோடியிலுள்ள சிமரான் கவுன்ட்டிக்கு (நம்மூர் மாவட்டம் மாதிரி) இரண்டு கோடை போய்வந்தேன். ஆண்டுக்கு 20 அங்குல மழைகூடக் கிடைக்காத ஊர். காற்று மட்டும் ஓயாது. 1920களில் கோதுமையை நம்பி அங்கே புல்வெளியை உழுதார்கள். அடுத்த பத்தாண்டில் மழை பொய்த்தது, மேல்மண் பறந்தது. 1935 ஏப்ரல் 14 அன்று பட்டப்பகல் இருட்டிப்போனது. புழுதிக்காற்றில் ஒரு விவசாயி இரண்டு மகன்களோடு நடக்கும் ஆர்தர் ராத்ஸ்டீனின் புகைப்படத்தைப் பார்த்திருப்பீர்கள். 1936இல் இந்தக் கவுன்ட்டியில் எடுத்தது அது.

நீங்கள் கேட்கும் திட்டம் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. அங்கே எல்லாரும் 'சி.ஆர்.பி.' (கன்சர்வேஷன் ரிசர்வ் புரோகிராம்) என்பார்கள். எளிதில் மண் அரிக்கும் நிலத்தை உழாமல் புல் விதைத்து வைக்க, அரசு 10 முதல் 15 ஆண்டுக்குக் குத்தகை பேசுகிறது. அக்கம்பக்கத்து மானாவாரிக் குத்தகையை வைத்து ஏக்கருக்குத் தொகை. ஒருவருக்கு ஆண்டுக்கு 50,000 டாலர்தான் உச்சம். புல் விதைக்கும் செலவில் பாதி வரை அரசு தரும். மீதிச் செலவும் களை பார்ப்பதும் விவசாயி பொறுப்பு. நடுவில் உழுதால், வாங்கியதை வட்டியோடு திருப்ப வேண்டும்.

ஒரு நாள் வேலிக்கு இந்தப் பக்கம் இருபது ஆண்டாகப் புல் நிற்கும் நிலத்தில் மண்வெட்டியால் ஒரு கட்டியைப் பெயர்த்தேன். தலைகீழாகப் பிடித்து உதறினாலும் உதிரவில்லை. வேர் நூல்நூலாகப் பின்னிக் கிடந்தது, அடியில் ஈரம் இருந்தது. அந்தப் பக்கம் சோளம் அறுத்த வயல். அள்ளிய மண் விரலிடுக்கில் வழிந்தது. தரையைத் தொடுமுன் காற்று கொண்டுபோய்விட்டது. நிலத்துக்காரர் எழுபதைத் தாண்டியவர். "எங்க அப்பா இதை உழுதிருக்கவே கூடாது" என்றார்.

குறை இல்லாமல் இல்லை. நிலமெல்லாம் புல்லானால் விதை, உரம், டீசல் விற்கும் கடைகள் படுத்துவிடும். அதனால்தான் பொதுவாக ஒரு கவுன்ட்டியின் சாகுபடி நிலத்தில் 25 சதவீதத்துக்கு மேல் சேர்ப்பதில்லை. வெளியூரில் குடியிருக்கும் சொந்தக்காரர் பணம் வாங்க, குத்தகைக்கு உழுதவர் கையில் நிலமில்லாமல் நின்ற கதையும் அங்கே கேட்டேன், அது அநியாயம்தான்.

ஆனால் என்னை அதிகம் வருத்துவது ஒப்பந்தம் முடிகிற நாள். 2007இல் நாடு முழுக்க 3 கோடியே 68 லட்சம் ஏக்கர் இதில் இருந்தது. தானிய விலை ஏறியது, அதிகபட்சப் பரப்பை அரசும் குறைத்தது. 2017இல் சுமார் 2 கோடியே 34 லட்சம்தான் மிச்சம். இருபது ஆண்டாகப் பின்னிய வேரை அறுக்க ஒரு பருவத்து உழவு போதும்.

காற்றரிப்பு மோசமான நிலத்துக்காவது நிரந்தர ஏற்பாடு வேண்டும் என்பது என் கருத்து. அது நடக்காத காரியமும் இல்லை. 1930களில் பாழான நிலத்தை அரசே விலைக்கு வாங்கிப் புல் விதைத்தது. எல்லை தாண்டி கான்சாஸுக்குள் போனால், சிமரான் தேசியப் புல்வெளியாக 1 லட்சம் ஏக்கருக்கு மேல் இன்றும் நிற்கிறது.